நூர்பானு கொடுத்த புகார்

ஹபீப் ரகுமானுக்குத் தன் சொந்த செல்போன் நம்பர் தெரியாது. யாராவது கேட்டால், உங்கள் நம்பரைச் சொல்லுங்கள், நான் மிஸ்டு கால் கொடுக்கிறேன் என்பான். ஆனால் எங்கள் கம்பெனி நம்பரை அவனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அதைத்தான் தினமும் வாடிக்கையாளர்களிடம் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் கல்யாணத்துக்கு வந்த ஆபத்து இந்த இடத்தில்தான் ஆரம்பித்தது.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி குடோனுக்கு மேலே ஒற்றை அறை. அதற்குள் நான், ஹபீப், இரண்டு லினக்ஸ் சர்வர்கள், ஒரு ஏசி. ஏசி எங்களுக்காகப் போட்டதில்லை. சர்வர்களுக்குச் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்று எங்கள் ஊர் மாம்பழங்களின் பெயரை வைத்தது நான்தான். நான் முனீஸ்வரி. மம்சாபுரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறேன். ஹபீபும் நானும் ஒரே கல்லூரியில் படித்து, ஒரே பாடத்தில் அரியர் வைத்து, ஒரே நாளில் அதை எழுதித் தேறியவர்கள். அதனால் அவனைக் கேலி செய்ய எனக்கு உரிமை உண்டு.

எங்கள் தொழில் குறுஞ்செய்தி அனுப்புவது. உங்கள் மகன் இன்று பள்ளிக்கு வரவில்லை, நாளை இரண்டாம் ஷிப்ட் கிடையாது, பால் பணம் வங்கியில் ஏறிவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்காகவும் மில்லுக்காகவும் பால் சொசைட்டிக்காகவும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவோம். அவர்கள் பதில் அனுப்பினால் அது எங்கள் கம்பெனி நம்பருக்கு வரும். சப்பட்டை அந்தப் பதிலின் முதல் வார்த்தையைப் பார்க்கும். லீவு என்று தொடங்கினால் பள்ளிக்கூடம், ஷிப்ட் என்றால் மில், பால் என்றால் சொசைட்டி. அந்தந்த இடத்துக்குத் தள்ளிவிட்டு, அனுப்பியவருக்கும் ஒரு பதில் போட்டுவிடும். இதில் மனிதர் கை படுவதே இல்லை என்பது ஹபீபுக்குப் பெருமை.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கேபிள் தொழில் செய்யும் பாண்டிதுரை அண்ணாச்சி வாடிக்கையாளராக வந்தார். புகார் கொடுப்பவர்கள் கேபிள் என்று தொடங்கி எழுத வேண்டும் என்று நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். சீரியல் நடுவில் படம் போன ஆத்திரத்தில் யார் முதல் வார்த்தையை யோசித்து எழுதுவார்கள். 'நாலு நாளா சொல்லுதேன்' என்று வந்தது. 'நீங்கள்லாம் மனுசங்களா' என்று வந்தது. ஒருத்தர் ஒன்றும் எழுதாமல் கோபமான முகத்தை மட்டும் அனுப்பியிருந்தார்.

ஹபீப் இரண்டு நாள் யோசித்து ஒரு விதி எழுதினான். எந்த வார்த்தையிலும் சேராத செய்தி வந்தால் அது கேபிள் புகார். அனுப்பியவரின் நம்பர் கேபிள் வாடிக்கையாளர் பட்டியலில் இருந்தால் விலாசத்தையும் சேர்த்து லைன்மேன் இசக்கிமுத்துவின் போனுக்குப் போய்விடும். நான் சிரித்தேன். ஆனால் அந்த விதி ஒருநாளும் தப்பவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் காரணம் சொல்லாமல் ஒருத்தர் வைகிறார் என்றால் வீட்டில் டிவி ஓடவில்லை என்றுதான் அர்த்தம் போலிருக்கிறது.

இப்படிப்பட்ட மூளைக்காரனுக்குப் பெண் கிடைக்கவில்லை. பெண்ணைப் பெற்ற அத்தாமார்கள் என்ன தொழில் என்று கேட்பார்கள். மெசேஜ் அனுப்புகிறது என்று இவன் சொல்வான். அதை நாங்களே அனுப்புவோமே தம்பி என்றார் ஒருவர். தினமும் லோன் வேண்டுமா என்று கேட்டு உயிரை எடுக்கிறது நீதானா என்று கேட்டார் இன்னொருவர். இல்லை என்று இவன் நிரூபிப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். பிறகு இவனுடைய அம்மா ஃபரீதா, மகனைப் பேசவிடாமல் தானே எல்லாவற்றையும் பேச ஆரம்பித்தார். அதில் ஹபீபுக்கு நிம்மதி. ஓட்டலுக்குப் போனால்கூட நான் சொல்வதையே தனக்கும் சொல்லச் சொல்லும் ஆள் அவன். அவனுடைய அத்தா இறந்த நாளிலிருந்து வீட்டில் வாய் என்று இருப்பது அம்மாவுக்கு மட்டும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் நூர்பானுவைப் பெண் பார்க்கப் போனார்கள். அவள் அத்தா அல்லா பிச்சை பாத்திரக் கடை வைத்திருக்கிறார். நூர்பானு ராஜபாளையத்தில் ஒரு மில்லில், நூலின் தரத்தைச் சோதிக்கிற லேபில் வேலை பார்க்கிறாள். திங்கட்கிழமை ஹபீப் ஆபீசுக்கு வந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. சப்பட்டையை நிறுத்தி மறுபடி ஓட விடுவதற்குப் பதில், செய்திகளை அனுப்புகிற பஞ்சவர்ணத்தை நிறுத்தி வைத்தான். அன்று காலை ஸ்கூலுக்கு மட்டம் போட்ட பிள்ளைகளுக்கெல்லாம் கொஞ்ச நேரம் சுதந்திரம் கிடைத்தது.

பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். கரண்ட் போனால் உங்கள் சர்வர் என்ன ஆகும் என்று அந்தப் பெண் கேட்டாளாம். இதுவரை எந்த வீட்டிலும் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லையாம். சொல்லும்போது அவன் காது சிவந்திருந்தது. இந்தச் சம்பந்தம் தவறிப்போனால் இவன் தாங்கமாட்டான் என்று எனக்குப் பயமாகவும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. அதற்குள் ஒரு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நூர்பானு தன் அத்தாவிடம் அனுமதி வாங்கிக்கொண்டு இவனிடம் போன் நம்பர் கேட்டிருக்கிறாள். இவனும் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அன்று முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். சார்ஜ் நிறைந்திருந்த போனை மறுபடி சார்ஜில் போட்டான். செவ்வாய்க்கிழமை காலையும் ஒன்றும் வரவில்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மெல்லச் சொன்னான். எனக்குக்கூட அந்தப் பெண் மேல் கொஞ்சம் கோபம் வந்தது.

மத்தியானம் லைன்மேன் இசக்கிமுத்து என்னை அழைத்தார். குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது.

"முனீஸக்கா, இங்க ஒரு வீட்டுப் புகாருக்கு வந்திருக்கேன். படமெல்லாம் நல்லாத்தான் ஓடுது. ஆனா அந்தப் புள்ள வேற என்னமோ கேட்டிருக்கு. இத நான் என்னன்னு போட்டு மூட?"

இசக்கிமுத்துவின் போனில் ஒரு புகாரை முடிக்க மூன்று காரணங்கள்தான் உண்டு. வயர் மாற்றினேன், பாக்ஸ் மாற்றினேன், கரண்ட் இல்லை. இந்த மூன்றில் எதையும் போட முடியாத புகார் அவருக்கு இதுவரை வந்ததில்லை. செய்தியைப் படிக்கச் சொன்னேன். அவர் படிப்பதற்குப் பதில் எனக்கே அனுப்பி வைத்தார்.

'நூர்பானு எழுதுறேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்குப் போக வேண்டாம்னு ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மா சொன்னாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. அது அவங்க முடிவா, உங்க முடிவா? வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குத் தெரியணும்.'

சப்பட்டையின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். தன் நம்பர் என்று இவன் வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டு வந்தது கம்பெனி நம்பரை. அதற்குத்தான் அவள் காலையில் மில் பஸ்ஸில் போகும்போது அனுப்பியிருக்கிறாள். நூர்பானு என்ற முதல் வார்த்தைக்கு எங்களிடம் விதி கிடையாது. அவர்கள் வீட்டுக் கேபிள் இணைப்பில் கொடுத்திருப்பது அவளுடைய நம்பர். சப்பட்டைக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரே நொடியில் பதில் போட்டிருந்தது. 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. இன்று மாலைக்குள் எங்கள் ஆள் உங்கள் வீட்டுக்கு வருவார். அதுவரை பொறுமை காக்கவும்.' ஹபீப் தன் வாழ்நாளில் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று இசக்கிமுத்துவிடம் கேட்டேன். பெண் வேலைக்குப் போயிருக்கிறதாம், கடையிலிருந்து பாய் சாப்பிட வந்திருக்கிறாராம். என்ன புகார் என்று பாய் கேட்டதால் இவரும் போனைப் பார்த்து முழுவதையும் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டாராம். பாய் கேட்டுவிட்டு டீ கொடுத்தாராம். அதற்குள் போனை அல்லா பிச்சையே வாங்கிவிட்டார்.

"யாரும்மா நீ? அந்தப் பையன் கம்பெனிதானா இது? சாயங்காலத்துக்குள்ள ஆள் வருவாருன்னு போட்டிருக்கீகளாம். கேபிள்காரர் வந்துட்டாரு. அந்த ஆள் எப்ப வருவாரு?"

வருவார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஹபீபிடம் செய்தியைக் காட்டினேன். படித்தான். திரும்பப் படித்தான். பிறகு அவன் செய்த முதல் காரியம், கீபோர்டை இழுத்துவைத்துப் பதில் எழுத ஆரம்பித்தது. எட்டிப் பார்த்தேன். 'மதிப்பிற்குரிய நூர்பானு, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று இருந்தது.

யாரெல்லாம் வருந்துகிறீர்கள் என்று கேட்டேன். அழித்தான். தொழில்நுட்பக் கோளாறு காரணமாக என்று எழுதினான். அதையும் அழித்தான். கோளாறு ஒன்றுமே இல்லை, அவன் எழுதிய விதி சொன்னதைத்தான் சப்பட்டை செய்திருக்கிறது என்று அவனுக்கே தெரியும். கடைசியில் என் பக்கம் திரும்பி, நீ கொஞ்சம் எழுதிக் கொடு முனீஸ் என்றான். மாட்டேன் என்றேன். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உன் பதில் என்ன, அதை முதலில் சொல் என்றேன்.

"அது வேலைக்குப் போனா எனக்கு என்ன. நல்லதுதான. அம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லிருவம்."

"ஏலே, அதத்தாம்லே அந்தப் புள்ள கேட்டிருக்கு."

அவனுக்கு உறைக்கச் செத்த நேரம் ஆனது. உறைத்ததும் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தனியாகப் போகச் சொன்னால் பாதி வழியில் திரும்பிவிடுவான் என்று தெரியும். நானும் கிளம்பினேன். சர்வரைப் பற்றி யாராவது கேட்டால் விளக்கம் சொல்ல வருகிறேன் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அவன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தி ஒரு பொட்டலம் வாங்கி வந்தான். பார்த்தால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஸ்ரீவில்லிபுத்தூருக்கே ராஜபாளையத்திலிருந்து பால்கோவா கொண்டுபோன முதல் மாப்பிள்ளை இவனாகத்தான் இருப்பான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு அவனுக்கு அது ஒன்றுதான் தைரியம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அல்லா பிச்சை கடைக்குத் திரும்பிப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வாங்க என்றார். பொட்டலத்தை வாங்கி, எந்தக் கடை என்று திருப்பிப் பார்த்து, மேஜை மேல் வைத்தார். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. படம் சுத்தமாக இருந்தது. ஹபீப் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மில் பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது. நூர்பானு கழுத்தில் அடையாள அட்டையோடு உள்ளே வந்தாள். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கேபிள்காரர் வந்து போனதை அவள் அத்தா சொன்னார், வாசித்துக் காட்டியதையும் சொன்னார். அவள் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. காலையில் வந்த பதிலைப் பார்த்ததும், தான் கேட்டதை இவர் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து மில்லில் அழுததாகச் சொன்னாள். அதை அவள் அழுதுகொண்டு சொல்லவில்லை. நேராக ஹபீபைப் பார்த்துச் சொன்னாள்.

ஹபீப் விளக்க ஆரம்பித்தான். முதல் வார்த்தை என்றான், விதி என்றான், பட்டியலில் நம்பர் இருந்தால் என்றான். அவனுக்கு வாய் திறந்ததே அதிசயம், திறந்ததும் சர்வரைப் பற்றித்தான் வருகிறது. சப்பட்டையில் நினைவகம் எவ்வளவு என்கிற இடத்துக்கு வந்தபோது நான் அவன் காலை மிதித்தேன். நிறுத்தினான்.

"மெசேஜு ஏன் அங்க போச்சுன்னு எனக்குப் புரிஞ்சுட்டு," என்றாள் நூர்பானு. "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. பி.டெக் படிச்சிட்டு நாலு வருசமா வேலை பாக்குறேன். அத விட்டுட்டு உங்க வீட்ல வந்து உக்காரணும்னா எனக்கு முடியாது. இதச் சொல்லுறதுக்கு நான் வெக்கப்படல."

அல்லா பிச்சை மகளைத் தடுக்கவில்லை. அவர் டிவியை அணைத்தார். நான் வாயைத் திறந்தால் காரியம் நடந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வழக்கமாக அப்படித்தான் நடக்கும். வாடிக்கையாளரிடம் அவன் தயங்கினால் நான் பேசுவேன். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதைவிடக் கஷ்டமான வேலையை அந்தக் கம்பெனியில் நான் செய்ததில்லை.

ஹபீப் தரையைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். மறுபடி மெசேஜா என்று எனக்குத் தலை சுற்றியது. அவன் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, மேஜை மேல் பால்கோவாவுக்குப் பக்கத்தில் வைத்தான். அந்தப் பக்கம் ஃபரீதா எடுத்ததும், எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று வழக்கமானதெல்லாம் கேட்டார்.

"அம்மா, நான் நூர்பானு வீட்ல இருக்கேன். எல்லாரும் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருக்காக. கல்யாணத்துக்குப் பொறவும் அது வேலைக்குப் போகட்டும். எனக்கு அதுதான் பிரியம். இத நான் உங்ககிட்ட கேக்கல, சொல்லுதேன்."

ஒருவழியாக முழுதாகச் சொல்லி முடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை யாரும் பார்க்கவில்லை. ஃபரீதா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை.

"இத ஞாயித்துக்கெழமையே சொல்றதுக்கென்னத்தா," என்றார். "வேலையப் பத்தி அவுக கேட்டாக. நீ முறுக்குத் தட்டையே பாத்துக்கிட்டு இருந்த. சரி, உனக்குத்தான் அதுல இஷ்டம் இல்ல போல, சொல்லச் சங்கடப்படுறன்னு நெனச்சு நான் சொன்னேன். உங்க அத்தா போனதுலருந்து நீ சொல்லாத அம்புட்டையும் நாந்தான சொல்லுதேன். எல்லாரும் என்னையத்தான பொல்லாதவள்னு நெனக்கிறாக."

ஹபீப் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனைப் பார்க்கவே பாவமாக இருந்தது. ஃபரீதாவைப் பொல்லாதவர் என்று நானும்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவன் எழுதாமலே அவன் வீட்டிலும் ஒரு விதி ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அல்லா பிச்சை தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நூர்பானுதான் எழுந்தாள். செய்தியில் உங்க அம்மா என்று எழுதியிருந்தவள், மேஜைக்கு அருகில் வந்து போனைக் கையில் எடுத்தாள். ஸ்பீக்கரை நிறுத்தவில்லை.

"மாமி, நான் நூர்பானு. உங்களைப் பொல்லாதவுகன்னு நான் நெனக்கல மாமி."

பெண் பார்க்க வந்தவரை ஒருத்தி மாமி என்று கூப்பிட்டால், மாமியாராக ஏற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். அல்லா பிச்சை சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தார். ஹபீபுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை, வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். போனில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு ஃபரீதா கேட்டார்.

"காலையில மில்லு பஸ்ஸு எத்தன மணிக்கும்மா வரும்? அதுக்கு முன்னால சோறாக்கிறணும்ல."